இணையவழி ஊசியும் என் நிரந்தர வேலையும்

டொக்டரின் வரவேற்பு மேசையில் இருப்பவளுக்கு டொக்டர் வேலையைத் தவிர மற்ற எல்லா வேலையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலின் சனம் எப்போதோ கூடிப் பேசி எடுத்த முடிவு. அந்தக் கூட்டத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை.

நான் இந்த மேசைக்கு மூன்று மாதத்துக்கென்று வந்தவள். சமூகவியலில் பட்டம் எடுத்த கையோடு, அதற்குத் தகுந்த வேலை வரும்வரை சும்மா இருப்பானேன் என்று வந்து உட்கார்ந்தேன். மூன்று வருசம் தாண்டிவிட்டது, தகுந்த வேலை இன்னும் வழியில்தான் இருக்கிறது. காலையில் வடக்குப் புறநகரான சார்செலில் ரயில் ஏறி, எட்டரைக்குக் கதவைத் திறந்தால், மாலைவரை தொலைபேசி, கணினி, இருமல். இந்த நிலையில் நேர்ஸ் படிப்புப் படிக்க ஆசைப்பட்டேன். முழுநேர வேலையில் இருந்துகொண்டு, மதிய இடைவேளையில் ஒரு கையில் பாணும் மறு கையில் கைபேசியுமாக இணையவழிப் படிப்புத் தேடுகிற என் சக கைதிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தால் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

வெள்ளைக் கம்பளிச் சட்டை

போன மாரியில் ஒரு நாள் குளிர் தாங்காமல் வெள்ளைக் கம்பளிச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தேன். அது நான் செய்த முதல் பிழை. பத்து மணிக்குத் தவம் அண்ணை வந்தார். எங்கள் தெருவிலேயே மரக்கறிக் கடை வைத்திருப்பவர். முருங்கைக்காய்ப் பெட்டி இறக்கின கையோடு, ரொந்தேவூ என்கிற முன்பதிவு ஒன்றும் எடுக்காமல், சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டியபடி உள்ளே வந்து, என் கணினிக்குப் பக்கத்தில் கையை நீட்டி வைத்தார். பிறஷர் பார்க்க வேண்டுமாம்.

வாதம் என்று வந்தால் நான் குறைத்துச் செய்கிறவள் இல்லை. முதலாவது, நான் செயலாளர். இரண்டாவது, முன்பதிவு இல்லாமல் டொக்டரே பார்ப்பதில்லை, நான் எப்படிப் பார்ப்பது? மூன்றாவது, பச்சை மருத்துவ அட்டை எங்கே? நாலாவது, இந்த நாட்டில் ஒருவர் உடம்பில் இன்னொருவர் கை வைப்பதற்கென்று சட்டம் இருக்கிறது, அதை இயற்றியது நானில்லை. அண்ணை கையை எடுக்காமலே முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். வரிசையில் நின்ற ஐந்து பேரும் கேட்டார்கள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் கேட்டது இவ்வளவுதான்:

"நேர்ஸ் இல்லையெண்டால், பேந்தேன் பிள்ளை இவ்வளவு அதிகாரமாக் கதைக்கிறீர்?"

பின்னால் கட்டிய கை

அதே தவம் அண்ணை இரண்டு கிழமை கழித்து, இந்த முறை முறையாக ரொந்தேவூ எடுத்துக்கொண்டு வந்தார். டொக்டர் ஒரு வீட்டு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார். காத்திருக்கும் அறையில் இருந்த அண்ணைக்குத் திடீரென்று வியர்த்தது, கை நடுங்கியது, கதிரையில் சரிந்தார். அவருக்குச் சீனி வருத்தம் என்பது எனக்குத் தெரியும். அவருடைய இரத்தப் பரிசோதனைத் தாளைக் கணினியில் ஏற்றியவளே நான்தான். ஆனால் இப்போது சீனி கூடிப்போய்ச் சரிந்தாரா, குறைந்துபோய்ச் சரிந்தாரா? அது தெரியவில்லை. அவசர எண்ணுக்கு அழைத்து அவருடைய பிறந்த தேதி, முகவரி, எடுக்கிற குளிசைகளின் பெயர் எல்லாவற்றையும் பிழையில்லாமல் ஒப்புவித்தேன். விழுந்த ஆளைச் சுற்றிச் சனம் ஏன் வட்டமாக நிற்கிறது என்பதைப் பற்றி இருபது பக்கத்தில் கட்டுரை எழுதவும் எனக்குத் தெரியும். அந்த ஆளுக்கு என்ன செய்வது என்பது மட்டும் நான் படித்த பாடத்திட்டத்தில் இருக்கவில்லை.

பின்னறையிலிருந்து லூர்து அக்கா வந்தார். புதுச்சேரிக்காரர். காலையில் எங்கள் பின்னறையில் இரத்தம் எடுக்கிற நேர்ஸ். விரலில் ஒரு குத்து, கருவியில் ஒரு பார்வை, கையில் ஒரு தோடம்பழச் சாறு. கால் மணித்தியாலத்தில் அண்ணை எழுந்து உட்கார்ந்து, கடையை யார் பார்ப்பது என்று கவலைப்படத் தொடங்கிவிட்டார். அடுத்த கிழமை ஒரு பை வெண்டிக்காயோடு நன்றி சொல்ல வந்தார். பை லூர்து அக்காவுக்கு. எனக்குக் கிடைத்தது காத்திருக்கும் அறை முழுக்கக் கேட்க அவர் தந்த நற்சான்று:

"இந்தப் பிள்ளையும் நல்ல வடிவாப் பாத்தது. கையை மட்டும் பின்னால கட்டிக்கொண்டு."

ஆலோசகர்கள்

அன்றைக்கே ரயிலில் முடிவெடுத்தேன். முழுநேர வேலை செய்பவர்களுக்கான இணையவழி நேர்ஸ் பட்டம் என்று தட்டினேன். உலகத்தில் இவ்வளவு பேர் நான் நேர்ஸாவதற்காகக் காத்திருந்தார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. எல்லாப் பக்கத்திலும் ஒரு மடிக்கணினி, ஒரு கோப்பை கோப்பி, ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு சிரிப்பு. நோயாளி மட்டும் எந்தப் படத்திலும் இல்லை.

விபரம் வேண்டுமென்றால் பெயரும் தொலைபேசி எண்ணும் தரச் சொன்னார்கள். நாள் முழுக்க மற்றவர்களுக்குப் படிவம் நிரப்புகிற கை இது. எண் என்ற கட்டத்தைக் கண்டதும், என் சொந்த எண்ணுக்குப் பதிலாகக் கிளினிக் எண்ணைத் தானாகவே எழுதிவிட்டது. ஒரு பள்ளிக்கில்லை, நாலு பள்ளிக்கு. அடுத்த நாள் காலையிலிருந்து, காய்ச்சல்காரர்கள் அழைக்கவேண்டிய எண்ணில் ஆலோசகர்கள் அழைத்தார்கள். ஒருவர் வைக்க மற்றவர் எடுத்தார். மதியம் நான் பாண் வாங்கப் போன பத்து நிமிடத்தில் டொக்டர் பாவம், தானே எடுத்துப் பேசியிருக்கிறார். பிரெஞ்சுப் பெண்மணி, எங்கள் சனத்தோடு பழகி "நோகுது", "இருமல்" என்ற இரண்டு தமிழ்ச் சொற்களைக் கற்றவர், கோபம் வந்தால் குரலை இன்னும் தாழ்த்துகிறவர். நான் திரும்பி வந்ததும் மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"எனக்கு இடம் தருகிறார்களாம். மருத்துவத் துறையில் முன் அனுபவம் இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம்."

தபாலில் வரும் கை

என் பழைய பல்கலைக்கழகப் புத்தி விடவில்லை. நாலு பள்ளிக்கும் அட்டவணை போட்டேன். வகுப்பு எந்த மொழியில், பரீட்சை எங்கே, வேலை நேரத்தோடு மோதுமா என்று ஒன்பது கட்டம். கடைசிக் கட்டத்துக்கு ஒரே ஒரு கேள்வி: இதை முடித்தால் நான் பிரான்ஸில் ஊசி போடலாமா?

முதல் ஆலோசகர் அது நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு வேறு விசயத்துக்குப் போனார். இரண்டாமவர், இந்தப் பட்டத்துக்கு உலகம் முழுவதும் மதிப்பு என்றார். பிரான்ஸ் அந்த உலகத்துக்குள் அடங்குமா என்று கேட்டேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னவர், அதன்பிறகு அழைக்கவில்லை. மூன்றாமவரோடு முக்கால் மணித்தியாலம் வாதாடினேன். ஆஸ்பத்திரியில் நின்று பழகாமல் எப்படி நேர்ஸாவது என்று நான் கேட்க, அதற்கும் வழி வைத்திருக்கிறோம் என்றார் பெருமையாக. ரப்பரில் செய்த ஒரு கையைத் தபாலில் அனுப்புவார்களாம். நான் வீட்டில் இருந்தபடி அதில் ஊசி ஏற்றுவதை வீடியோ எடுத்து அனுப்பினால், அங்கே ஒருவர் பார்த்துப் புள்ளி போடுவாராம்.

இதை நான் லூர்து அக்காவிடம் ஆத்திரத்தோடுதான் சொன்னேன். அவர் பரிசோதனைக் குழாய்களில் பெயர் ஒட்டிக்கொண்டே கேட்டார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"முப்பது வருசமா குத்துறேன் அபி. கையைக் குடுன்னா பயந்து பின்னாடி இழுக்கும் பாரு, அந்தக் கையிலதான் நம்ம வேலையே இருக்கு. உன் தபால் கை இழுக்குமா?"

பிளாஸ்டிக் போட்ட நம்பிக்கை

எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பாடசாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை செய்கிற என் அம்மாவுக்கு, நம்பிக்கையான தாள் என்றால் அது பிளாஸ்டிக்குக்குள் இருக்கவேண்டும். லாச்சப்பலில் மரக்கறி வாங்கப் போகும்போது பக்கத்து போட்டோகொப்பிக் கடையில் கொடுத்து, சூட்டில் ஒட்டி எடுத்துக்கொண்டு வருவார். பிரஜாவுரிமைத் தாள், தம்பியின் பள்ளிச் சான்றிதழ், என் பட்டம் எல்லாம் அப்படித்தான் அலுமாரியில் மினுங்குகின்றன. எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது என் நிரந்தர வேலை ஒப்பந்தம். எங்கள் சனத்தின் வாயில் அதற்கு "சேடேஇ" என்று பெயர். கல்யாணம் பேச வந்தால் சாதகக் குறிப்பை மூன்றாவதாகக் கேட்பார்கள், சேடேஇ இருக்கா என்று முதலாவதாகக் கேட்பார்கள்.

படிப்பைப் பற்றி நான் வாயெடுத்த நாளில் அம்மா கேட்டது, அந்த ஒப்பந்தத்துக்கு ஒன்றும் ஆகாதா என்பதைத்தான். தனிமனித வளர்ச்சி, பெண்ணின் தொழில் உரிமை, சமூக நகர்வு என்று மூன்று தலைப்பில் விளக்கம் கொடுத்தேன். அம்மா கத்தரிக்காய் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"வேலையில இருந்துகொண்டு படிக்கிறதெண்டால் படி. படிக்கிறதுக்கு வேலையை விடோணும் எண்டால், பேந்தென்னத்துக்குப் படிப்பு?"

ஆறாம் மாடி

அட்டவணையில் மூன்று பள்ளிகளை அடித்துவிட்டேன். மிஞ்சியது ஒன்று. வேறு நாட்டுப் பல்கலைக்கழகம், மூன்று வருசம், முழுக்க இணையத்தில். வேலையை விடத் தேவையில்லை. ஊசிக் கேள்விக்கு அவர்கள் எழுதிய பதில், "உங்கள் நாட்டின் விதிகளுக்கு உட்பட்டு" என்பது. அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வாதாடிக் களைத்துப்போன ஆளைப்போல ஏமாறத் தயாரான ஆள் உலகத்தில் கிடையாது. இடம் கிடைத்துவிட்டதென்று தங்க முத்திரை போட்ட கடிதம் அனுப்பினார்கள். அந்தக் கிழமைக்குள் உறுதி செய்யவேண்டும், ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். காத்திருக்கும் அறைக்கு இது எப்படித் தெரியவந்தது என்று கேட்காதீர்கள், அவர்களுக்குத் தெரியாதது என்று ஒன்றுமில்லை. லண்டன் மச்சாளும் கனடா மருமகளும் இப்படித்தான் படித்தார்கள் என்று ஆளுக்கொரு சாட்சி சொல்லி, எல்லோரும் ஓமென்று கை தூக்கினார்கள்.

ஓமென்று சொல்லாத ஒரே ஆள் சிவமலர் அக்கா. தோள் நோவுக்காக மாதம் ஒருமுறை வருகிறவர். ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிற வேலை. யாழ்ப்பாணத்தில் நேர்ஸாக இருந்தவர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். இந்தப் பேப்பரை இஞ்சை ஏற்பினமோ என்று கேட்டார். பட்டம் பட்டம்தானே அக்கா, நல்ல பல்கலைக்கழகம் என்றேன். அவர் தன் மருத்துவ அட்டையை என்னிடமிருந்து வாங்கி, மெதுவாகக் கைப்பைக்குள் வைத்தார்.

"என்ர பேப்பரும் நல்ல பேப்பர்தான் பிள்ளை. ஈரம் படாமல் பிளாஸ்டிக் போட்டு வைச்சிருக்கிறன். நாளைக்கு ஆறாம் மாடியில பதினாலு கட்டில் விரிக்கோணும்."

ஒன்பது காரணங்கள்

நான் சொடுக்கவில்லை. அன்று மதியம் பாணைத் தொடாமல், இதே வடக்குப் புறநகரில் ஓர் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நேர்ஸ் பள்ளிக்குத் தொலைபேசி எடுத்தேன். முதல் நாளே செய்திருக்கவேண்டிய வேலை. எடுத்த பெண் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டாள். பாடங்களில் ஒரு பகுதியை வீட்டிலிருந்து கணினியில் பார்க்கலாம், ஆனால் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு ஆளாகத்தான் வந்து நிற்கவேண்டும். அதற்கு வேறு வழி இல்லை. முடித்தால் ஊசி போடலாமா என்று கேட்டேன். வேறு எதற்குப் படிக்கிறீர்கள் என்று கேட்டாள். மூன்று வருசம் வேலை செய்தவர்கள் நேரடியாக விண்ணப்பிக்கலாமாம். வேலை கொடுத்தவர் கையெழுத்தும் முத்திரையும் இட்ட சான்றுப் படிவம் வேண்டும், வெள்ளி நாலு மணி கடைசி. தவறினால் அடுத்த வருசம்.

ஆக, இந்தப் படிப்பென்றால் முழுநேர வேலை போகும். செவ்வாய்க்கிழமை நோயாளிகள் வருமுன் டொக்டரிடம் போனேன். அவர் மறுப்பார் என்று நினைத்து ஒன்பது காரணம் எழுதி வைத்திருந்தேன். நோயாளி, சமுதாயம், அரசின் கடமை என்று ஏறுவரிசையில். இரண்டாவதின் நடுவில் கையை உயர்த்தினார். சனிக்கிழமை மேசை எனக்கே இருக்கட்டும், மற்ற நாளுக்கு வேறு ஆளைப் பார்க்கிறேன், வெள்ளிக்கிழமை படிவத்தைக் கொண்டுவாருங்கள் என்றார். எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. மிச்சம் ஏழு காரணமும் மிக நல்லவை. அவற்றையும் கேட்டால் நல்லது என்றேன்.

"மிச்சத்தைப் பள்ளி நேர்முகத்தில் சொல்லுங்கள். எனக்கு நோயாளிகள் இருக்கிறார்கள்."

முக்கியம்

செவ்வாய் மாலை அம்மாவிடம் சொன்னேன். அதன்பிறகு வீட்டில் அம்மா கதைக்கவில்லை, சட்டிகள்தான் கதைத்தன. புதன்கிழமை பள்ளிக்குப் போய்ப் படிவத்தை வாங்கி வந்தேன். பள்ளியின் முத்திரையும் கோப்பு இலக்கமும் பதித்துத் தந்த ஒரே பிரதி. வியாழன் டொக்டர் வருவதில்லை என்பதால் அதைச் சமையலறை மேசையில் வைத்து, "முக்கியம். தொடவேண்டாம்" என்று மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதி மேலே ஒட்டினேன். சனத்துக்குப் படிவம் நிரப்பிச் சம்பளம் வாங்குகிறவளின் முன்னெச்சரிக்கை அது.

வெள்ளிக்கிழமை காலை படிவம் மினுங்கியது. கெட்டியாக, வழுவழுப்பாக, நாலு மூலையும் வட்டமாக வெட்டப்பட்டு. என் மஞ்சள் ஒட்டுத்தாளும் உள்ளேதான் இருந்தது. டொக்டர் கையெழுத்திட வேண்டிய வெற்றுக் கட்டமும் அதே பிளாஸ்டிக்குக்குள் பத்திரமாக இருந்தது. கத்தரிக்கோலால் ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்தேன், எழுத்து பிளாஸ்டிக்கோடு சேர்ந்து உரிந்து வந்தது. தங்க முத்திரைக் கடிதமும் இவ்வளவு நாளாக இதே மேசையில்தானே கிடக்கிறது, அதை ஏன் ஒட்டவில்லை என்று மட்டும் கேட்டேன். அது கடை விளம்பரம் எண்டு பாத்தவுடனேயே விளங்கிச்சுது என்றார் அம்மா. பிறகு, மூன்று நாளுக்குப் பிறகு முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"இதுதான் முக்கியம் எண்டு நீதானே எழுதி வைச்சனீ?"

மேசைக்கு அந்தப் பக்கம்

டொக்டர் படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாதாரணப் பேனா வழுக்கியது. லூர்து அக்கா பின்னறையிலிருந்து, சிறுநீர்ப் போத்தலில் பெயர் எழுதுகிற அழியாத கறுப்புப் பேனாவைக் கொண்டுவந்தார். டொக்டர் பிளாஸ்டிக்கின் மேலேயே கையெழுத்திட்டார். முத்திரை காயாமல் இழுபட்டது. நகப்பூச்சுக் காயவைக்கிறவளைப்போல அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, ரயிலில் யாரையும் உரசாமல், மூன்று மாடி ஏறிப் பள்ளி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது நாலுக்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது.

மேசைக்குப் பின்னால் புதன்கிழமை இருந்தவர் இல்லை, என் வயதுப் பெண் ஒருத்தி. தொலைபேசியில் என்னோடு பேசிய அதே குரல். படிவத்தைத் தட்டிப் பார்த்தாள், வளைத்துப் பார்த்தாள். இதில் துளை போட்டுக் கோப்பில் செருக முடியாது என்றாள். நான் சட்டம் பேசத் தொடங்கினேன். பிளாஸ்டிக் கூடாதென்று உங்கள் அறிவுறுத்தலில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவள் முகத்தில் ஒரு களைப்புத் தெரிந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த களைப்பு. நாளுக்கு நாற்பது தரம் நானே போடுகிற முகம் அது. மேசையில் கையை நீட்டி வைத்துக்கொண்டு நிற்கிற தவம் அண்ணை இன்றைக்கு நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்று வருசத்தில் முதல்தடவையாக ஒரு வாதத்தைப் பாதியில் நிறுத்தினேன்.

அவள் மஞ்சள் ஒட்டுத்தாளைக் காட்டி, இந்த எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். மொழிபெயர்த்துச் சொன்னேன். அதை ஒட்டியது யார், பிளாஸ்டிக் போட்டது யார் என்பதையும் சொன்னேன். அவள் வருகைத் தேதி முத்திரையை எடுத்து, பிளாஸ்டிக்கில் அல்ல, கோப்பின் அட்டையில் ஓங்கிக் குத்தி, படிவத்தை உள்ளே வைத்தாள். நேர்முகத்துக்கு அடுத்த மாதம் அழைப்பு வரும் என்றாள்.

"பரவாயில்லை. ஒரு வீட்டிலாவது எங்கள் படிவத்துக்கு மரியாதை இருந்திருக்கிறது."

முழுக்க முழுக்க இணையவழி என்று நான் தேடத் தொடங்கிய படிப்புக்கு, கடைசியில் பிளாஸ்டிக்கின் மேல் சிறுநீர்ப் போத்தல் பேனாவால் கையெழுத்து வாங்கி, மூன்று மாடி ஏறி, வாயை மூடிக்கொண்டு, கையால்தான் விண்ணப்பித்தேன்.